இராட்டினமும் இடாப்பும்

இராட்டினத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நாட்டிலே எழுதுவதற்கு வேறு பிரச்சினை இல்லையென்றா நீர் களியாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறீர்?" என்று கேட்டார். அவரும் என்னைப் போல ஓர் ஆசிரியர். என்னோடு சேர்ந்து வேலைநிறுத்தஞ் செய்தவர். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேல்நாடுகளில் உள்ளவை போன்ற பெரிய களியாட்டப் பூங்காக்கள் என்றுமே வாய்த்ததில்லை. ஆங்கிலேயர் காலத்து அரசாங்க அதிபர் டைக் துரை உண்டாக்கிய பழைய பூங்கா கச்சேரிக்கு அருகில் நிற்கிறது. நூல்நிலையத்துப் பக்கத்திலே சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. ஊஞ்சலும் சறுக்குமரமும் அங்கே உண்டு. ஆனால் எங்கள் உண்மையான களியாட்டப் பூங்கா கோயில் வீதிதான். நல்லூர் என்றும் சந்நிதி என்றும் மாவிட்டபுரம் என்றும் வல்லிபுரம் என்றும் ஆண்டுதோறும் இடம் மாறி மாறிக் கூடும் பூங்கா அது. பெரியவர்கள் சுவாமியைப் பார்த்திருக்க, பிள்ளைகளின் கண்கள் அம்மம்மாக் குழலிலும் காப்புக்கடையிலும் குவித்து வைத்த கச்சானிலும் இராட்டினத்திலும் மேய்ந்து கொண்டிருக்கும். இதிலே பக்திக் குறைவு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நான் முதன்முதலாக இராட்டினத்தில் ஏறியது 1994ஆம் ஆண்டில்; எனக்கு அப்போது ஆறு வயது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம் அது. எங்கள் ஊர்க் கோயில் வீதியில் இரண்டு மனிதர் கையால் தள்ளிச் சுழற்றிய மரக்குதிரை இராட்டினம். வானத்திலே இரைச்சல் கேட்டால் தள்ளுவதை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். இரைச்சல் அகன்றதும் மறுபடியும் தள்ளுவார்கள். அடுத்த ஆண்டு ஐப்பசி 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அந்தக் குதிரைகள் என்னவாயினவோ!

ஆகவே, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விளையாடுவது எங்களுக்குப் புதிதன்று. 2020 பங்குனி 20ஆந் தேதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது என் தாயார் சிறிதும் பதறவில்லை. "உது எங்களுக்குத் தெரியாததே?" என்று சொல்லிவிட்டு அரிசியையும் மாவையும் எண்ணி வைத்தார். ஆனால் இம்முறை எதிரி வானத்தில் வரவில்லை. அரியாலையில் நடந்த ஒரு செபக் கூட்டத்தினூடாக நோய் குடாநாட்டிற் புகுந்தது. யாழ்ப்பாணம் அபாய மாவட்டங்களுள் ஒன்றாகியது. ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டு வாயிலைத் தாண்டாமல் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. "கொரோனா முடிஞ்சதும் இராட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன்" என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

உலகம் முழுவதிலும் அக்காலத்தில் இராட்டினங்கள் நின்றுபோயிருந்தன. தோக்கியோவின் டிஸ்னிலாந்து மாசி 29ஆந் தேதி மூடப்பட்டு ஆடி முதலாந் தேதிதான் திறக்கப்பட்டது. ஷங்காயில் வைகாசி 11ஆந் தேதி திறந்தபோது வழக்கமாகக் கொள்ளக்கூடிய மக்கள் தொகையில் 30 வீதத்துக்கும் குறைவானவர்களையே உள்ளே விட்டார்கள். யப்பானிலே பூங்காச் சங்கங்கள் ஒரு விசித்திரமான விதியை வகுத்தன: வேக வண்டியில் ஏறுவோர் கூச்சலிடலாகாது. கூச்சலிடும் வாயிலிருந்து நீர்த்துளி தெறிக்கும், அதனால் நோய் பரவும் என்பது காரணம். பூஜி மலையடிவாரத்துப் பூங்காவொன்றின் அதிகாரிகள் இருவர் முகக்கவசம் அணிந்து, அந்தப் பயங்கர வண்டியிலே ஏறி, முகத்தில் ஒரு தசையும் அசையாமல் போய் இறங்குவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். கத்துவதானால் நெஞ்சுக்குள்ளே கத்துங்கள் என்பது அவர்கள் மக்களுக்கு விடுத்த வேண்டுகோள். தொலைக்காட்சியில் அதைக் கண்டு நானும் மகளும் வயிறு நோகச் சிரித்தோம்.

அந்த ஆண்டு ஆடிக் கடைசியில் நல்லூரில் கொடியேறிற்று. முகக்கவசமும் கைகழுவலும் இடைவெளியுமாக மக்கள் அளவோடு உள்ளே விடப்பட்டனர். வீதியிலே கடைகளுக்கு இடமில்லை. நான் ஒருநாள் மாலை போய்க் கும்பிட்டு வந்தேன். வெறுமையாய்க் கிடந்த வெண்மணலைப் பார்த்து, "ஆகா! எவ்வளவு அமைதி! திருவிழா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?" என்று மனைவியிடம் வியந்தேன். அதை இங்கே எழுதும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. அந்த மணலில் இருபத்தைந்து நாளும் கச்சான் வறுத்து விற்று, அந்த வருமானத்திலே ஆண்டின் பாதியைக் கழிக்கும் பெண்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுள் ஒருத்தியின் மகன் என் வகுப்பில் இருந்தான் என்பது தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

அவனை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். 2020இல் ஒன்பதாம் வகுப்பு. நான் அவனுக்கு வகுப்பாசிரியன். தந்தை 2009இல் வன்னியிலே இறந்தவர். தாய் கோயில் கோயிலாகக் கச்சான் கடை போடுபவள். தம்பி பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் தான் கண்டதை மட்டுமே எழுதுவான். 'நான் கண்ட திருவிழா' என்ற தலைப்புக்கு நாற்பது பிள்ளைகளும் தேரையும் தீபத்தையும் வருணிக்க, இவன் மட்டும் மணலின் சூட்டை எப்படிக் காப்பது, கச்சான் கருகாமல் எப்படிப் புரட்டுவது என்று எழுதியிருந்தான். நான் அதற்குப் போட்ட புள்ளி நூற்றுக்கு நாற்பத்தைந்து. சொல்நயம் போதாது என்று சிவப்பு மையால் எழுதினேன். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழ் படித்தவன் அல்லவா நான்!

பாடசாலைகள் மூடப்பட்டன, திறந்தன, மறுபடியும் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. வட்ஸ்அப்பில் குறிப்புகளை அனுப்பினேன். சூமில் வகுப்பு நடத்தினேன். நாற்பது பேரில் பதினைந்து பேர் வந்தாலே பெரிய காரியம். தம்பியின் வீட்டிலிருந்தது பொத்தான் அழுத்தும் பழைய தொலைபேசி. இரண்டு தடவை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. மூன்றாந் தடவை நான் அழைக்கவில்லை. 'ஒப்படை சமர்ப்பிக்கவில்லை' என்று அவன் பெயருக்கு நேரே எழுதினேன்.

2021 ஆடி 12ஆந் தேதி முதல் நாங்கள், ஆசிரியர்கள், இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரிய போராட்டம் அது. ஐப்பசி 25ஆந் தேதி வரை நீடித்தது. எங்கள் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். அதில் நான் பங்குபற்றியதற்கு வருந்தவுமில்லை. ஆனால் நாங்கள் வகுப்பை நிறுத்தியதும் தம்பியின் நாட்களில் எந்த மாற்றமும் நேரவில்லை என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். அவனுக்கு வகுப்பு அதற்கு முன்னமே நின்றுபோயிருந்தது.

கார்த்திகை 8ஆந் தேதி பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்குப் பாடசாலை திறந்தது. தம்பி வரவில்லை. வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே நாளுக்கொரு பூச்சியமாக வட்டம் போட்டுக்கொண்டு போனேன்.

மார்கழி விடுமுறையில் மகள் என் வாக்கை நினைவூட்டினாள். குடாநாட்டில் ஓரிடத்திலே தனியார் ஒருவர் களியாட்டத் திடல் ஒன்றைத் திறந்திருந்தார். ஊரும் பேரும் இங்கே வேண்டியதில்லை. ஓர் ஆளுக்கு ஐந்நூறு ரூபா. இராட்டினங்களுக்கு வேறு சீட்டு. வாயிலிலே கைகழுவத் தண்ணீர்த் தொட்டி. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதக் கொப்பி. நிலத்திலே ஒரு மீற்றருக்கு ஒரு வெள்ளை வட்டம். எல்லாம் ஒழுங்காக இருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். இந்த விதிகளைப் பரிகசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷங்காயில் அதற்கு ஏழெட்டுக் கிழமை முன்னர், ஐப்பசி 31ஆந் தேதி, ஒரு நோயாளி வந்து போனதற்காகப் பூங்காவின் கதவுகளைச் சாத்தி, உள்ளே நின்ற 33,000க்கு மேற்பட்டோரைச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். ஓர் உயிரைக் காப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போனாற் போகட்டுமே.

வட்டம் வட்டமாக முன்னேறி வாயிலை அடைந்தேன். முகக்கவசமும் அதன்மேற் கண்ணாடித் தகடும் அணிந்த ஒரு பையன் வெப்பமானியை என் நெற்றிக்கு நேரே நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"சேர்!"

குரலைக் கொண்டுதான் அறிந்தேன்.

"தம்பி, நீ இஞ்சை என்ன செய்யிறாய்?"

"வேலை செய்யிறன் சேர். முப்பத்தாறு தசம் நாலு. நீங்கள் போகலாம்."

பின்னால் நின்றவர் இருமினார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். நான் உள்ளே தள்ளப்பட்டேன்.

மகள் குதிரை இராட்டினத்தில் ஏறினாள். ஒரு குதிரை விட்டு ஒரு குதிரையில்தான் பிள்ளைகளை ஏற்றினார்கள். சத்தமிட வேண்டாம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் பிள்ளைகள் கத்தினார்கள், நாங்கள் யப்பானியர் அல்லர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இராட்டினம் நிற்க, வாயிற் பணியை இன்னொருவனிடம் விட்டுவிட்டு வந்த தம்பி, மருந்துத் தண்ணீர்ப் போத்தலும் துணியுமாக ஏறி, குதிரைகளின் முதுகையும் கைபிடிக் கம்பிகளையும் துடைத்தான். கையுறை இல்லை. விரல்களின் தோல் வெளிறி உரிந்திருந்தது. பன்னிரண்டு குதிரை, ஆறு துடைத்தாற் போதும், ஆறு வெறுமையாய் ஓடியவை. அவன் பன்னிரண்டையும் துடைத்தான்.

மகள் மூன்று தரம் ஏறினாள். மூன்று தரமும் அவள் அமர்ந்த இடத்தை என் மாணவன் துடைத்தான். நான் சீட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இளைப்பாறும் வேளையிற் பேசினான். நாட்கூலி எண்ணூறு ரூபா, பகற்சாப்பாடு உண்டு. "அம்மாவுக்கு ரெண்டு வருசமாக் கோயில் யாவாரம் இல்லை சேர். போன வருசம் கடை போட விடேல்லை. இந்த வருசம் திருவிழாவுக்குள்ளை நாட்டை மூடிப்போட்டாங்கள்." குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. பிறகு, "சேர் அனுப்பின நோட்ஸ் ஒண்டும் எனக்குக் கிடைக்கேல்லை" என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதோ சொன்னேன்.

வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டிலேதான் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியும் பதினாறு வரைதான். தம்பிக்கு அப்போது பதினைந்து. சட்டத்தின்படி நான் முறையிட்டிருக்க வேண்டும். முறையிட்டால் எண்ணூறு ரூபா நின்றுபோகும். முதலாளியைக் கண்டு பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். "மாஸ்ரர், நான் கூப்பிடேல்லை, தாய்தான் கொண்டுவந்து விட்டது. அனுமதி கிடைக்கிறது அரைவாசிச் சனத்துக்கு, சம்பளம் முழுசாக் குடுக்க வேண்டியிருக்கு" என்றார். அமெரிக்காவில் டிஸ்னிக் கம்பெனி 2020 புரட்டாதிக் கடைசியில் 28,000 தொழிலாளரை நீக்குவதாக அறிவித்தபோதும் காரணம் இதுவே: பூங்காக்களில் மட்டுப்படுத்தப்பட்ட கூட்டம். அவர்களிற் பெரும்பாலோர் பகுதிநேரத் தொழிலாளர். கம்பெனியும் இந்தத் திடல்காரரும் ஒன்றல்லர். இவர் ஆட்களை நீக்கவில்லை, மலிவான ஆளைத் தேடிக்கொண்டார். பார்வையாளனின் மூச்சுக்கு இடைவெளி அளந்த விதிகள், அவன் உட்காரும் ஆசனத்தைத் துடைக்கும் கையை அளக்கவில்லை. அந்தக் கை யாருடையது, என்ன வயது என்று வாயிற் கொப்பியில் எழுத ஓர் இடமும் இருக்கவில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளில் போயிருக்க வேண்டிய பயணம். மிதிவண்டியில் இருபத்தைந்து நிமிடம். "சேர் வந்திருக்கிறியளே!" என்று தாய் கதிரையைத் துடைத்து வைத்தாள். கதிரை துடைப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் மனைவியின் பழைய கைத்தொலைபேசியைக் கொடுத்தேன். ஆசிரியர் சிலர் சேர்ந்து மாதம் ஒரு தொகை தருவதாகப் பேசினோம். என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நண்பரும் அதில் ஒருவர். தம்பி பாடசாலைக்கு வந்தான். பின்வாங்கில் இருந்தான். பத்துக் கிழமை வந்தான்.

பின்னர் அந்த ஆண்டின் பஞ்சம் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை. அரிசி விலை வாரத்துக்கு வாரம் ஏறிற்று. எங்கள் மாதத் தொகை முதல் மாதம் முழுதாகவும் இரண்டாம் மாதம் பாதியாகவும் சேர்ந்தது. மூன்றாம் மாதம் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. என் சம்பளமும் வீட்டுக்குப் போதவில்லை என்பது உண்மை. அது உண்மை என்பதனால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. வைகாசிக்குப் பிறகு அவன் பெயருக்கு நேரே மறுபடியும் வட்டங்கள் விழுந்தன. இடாப்பிலிருந்து பெயரை நீக்கும்போது காரணம் எழுத வேண்டும். 'தொடர்ச்சியாக வருகை தராமை' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

2022 ஆவணியில் நல்லூர் வீதி மறுபடியும் நிறைந்திருந்தது. கடைகளும் வந்திருந்தன. மகள் ஓர் அம்மம்மாக் குழல் வாங்கி, காது செவிடுபட ஊதிக்கொண்டு வந்தாள். ஒரு தகரச் சட்டியின் பின்னால் தம்பியின் தாய் இருந்தாள். மகன் எங்கே என்று கேட்டேன்.

"கொழும்பிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை நிக்கிறான் சேர். வெளியாலை நிண்டு சோதினை எடுக்கலாமோ எண்டு உங்களிட்டைக் கேக்கச் சொன்னவன்."

எடுக்கலாம் என்றேன். கடந்த ஆண்டு வினாத்தாள்களை அனுப்பி வைப்பதாகவும் சொன்னேன். அவள் கச்சானைச் சுண்டால் அளந்து கடதாசிச் சரையில் இட்டு, மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டு மகளிடம் நீட்டினாள். நான் காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, மிச்சத்தைத் திருப்பித் தந்தாள்.