பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப்பந்தல்

கடல் கடந்த மடல்: சிட்னி



இங்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. திறப்பதற்கு முன்பே பெற்றோருக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். நோட்டு, பென்சில், வெயிலுக்குத் தொப்பி, இவற்றோடு பெயர் எழுதிய தண்ணீர்ப் பாட்டில். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் காலை வகுப்புக்கு நடுவே பிள்ளைகள் பழம் தின்று தண்ணீர் குடிக்கவென்றே சில நிமிடம் ஒதுக்குகிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனபிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போவதில்லை. கேன்டீனில் பாட்டில் தண்ணீர் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் குழாயடியில் நின்று தங்கள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வீட்டிலும் குழாய்த் தண்ணீர்தான், பள்ளியிலும் குழாய்த் தண்ணீர்தான். அதைக் குடிக்கலாமா என்று கேட்கவேண்டிய தேவையே அவர்களுக்கு வந்ததில்லை.

நம் சென்னைப் பிள்ளைகளுக்கு அந்த நிம்மதி இல்லை. டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தபோது மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். அக்காள் மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மேடையில் இருந்த விருந்தினருக்கும், ஷாமியானா நிழலில் உட்கார்ந்த பெற்றோருக்கும், ஓடி முடித்து மூச்சிரைக்க வந்த பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி 300 மில்லி பாட்டில்கள். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து இறங்கின. விழா முடிந்ததும் ஓர் ஆயாம்மா சாக்குப்பையோடு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து, மீதித் தண்ணீரைச் செடி ஓரம் கொட்டி, கையால் நசுக்கிப் பையில் போட்டார்.

"பாருங்கம்மா, எல்லாம் ஒரு வாய் குடிச்சதுதான். கீழ வெச்சிட்டுப் போவாங்க. திரும்பி வந்தா எது யாருதுன்னு தெரியாது. உடனே புதுசா ஒண்ணு எடுத்துக்குவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டிலைப் பிள்ளைகள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பாட்டிலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதனால் ஒருவருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்கினாலும் போதாமல் போகிறது.

மைதானத்தின் மறுகோடியில் வரிசையாகக் குழாய்கள் இருந்தன. ஒரு பிள்ளைகூட அங்கே போகவில்லை. அக்காள் மகளைக் கேட்டேன். "அந்தத் தண்ணியை யாரும் குடிக்கமாட்டாங்க சித்தி. ஒரு மாதிரி வாசனை வரும். டேங்கை எப்போ கழுவினாங்கன்னே தெரியாது" என்றாள். வீட்டிலிருந்து அவள் கொண்டுபோகும் பாட்டில் மதியச் சாப்பாட்டோடு காலி. அதற்குமேல் தாகம் எடுத்தால், பள்ளி விட்டதும் வாசல் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பாட்டில். நான் என் பாட்டிலை அந்தக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். குழாய்க்கும் தொட்டியின் தரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பாட்டிலை நிமிர்த்தி வைக்க முடியவில்லை. சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிரம்பியது. கை கழுவக் கட்டிய தொட்டியைக் குடிக்கவும் வைத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் விட்டிருக்கிறார்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பற்றித் தமிழ்நாடு பேசாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகைப் பொருள்களுக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர் பாக்கெட்டும், பிளாஸ்டிக் டம்ளரும், உறிஞ்சுகுழலும் அந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீர்ப் பாட்டில் இல்லை. 2022 ஜூலையில் நாடு முழுவதற்கும் வந்த தடையும் பாட்டிலைத் தொடவில்லை. ஆக, ஏழை வாங்கிக் குடித்த பாக்கெட் போயிற்று, மேடையில் அடுக்கும் பாட்டில் தங்கிவிட்டது. நீலகிரி மாவட்டத்தில் கதை வேறு. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டோடு அங்கே பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் விற்பனைக்கே 2019-இல் தடை வந்தது. தடை போட்டதோடு நிற்காமல் சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்தார்கள். பாட்டிலை வேண்டாம் என்று சொல்பவர், குடிக்க வேறு தண்ணீரைக் காட்டியாக வேண்டும். அந்த முறைதான் சரி.

அப்படிக் காட்டுவதற்குத் தென்சென்னையில் தண்ணீர் இருக்கிறதா? இருக்கிறது. 2019 கோடையை நாம் யாரும் மறக்கவில்லை. பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2013-இல், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கிவிட்டது; நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் அதே இடத்தில் 15 கோடி லிட்டருக்கு இன்னோர் ஆலையும் வந்தது. இரண்டும் தென்சென்னைக்காகவே கட்டப்பட்டவை. இவ்வளவு பொதுப்பணம் செலவழித்துச் சுத்திகரித்த மெட்ரோ தண்ணீர் பள்ளியின் வாசல் வரைக்கும் நல்லபடியாக வருகிறது. அதற்குப் பிறகு அது போய் விழும் தரைத்தொட்டியும், மொட்டைமாடி டேங்கும், பாசி பிடித்த குழாயும்தான் அதன் பெயரைக் கெடுக்கின்றன. கடைசி நூறு அடியில் போன நம்பிக்கையை மீட்க நாம் பெட்டி பெட்டியாகப் பாட்டில் வாங்குகிறோம்.

பாட்டில் தண்ணீர் என்றால் சுத்தம் என்று நம்புகிறோமே, அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 93 விழுக்காட்டில் பிளாஸ்டிக் நுண்துகள் இருந்தது. உடம்புக்குள் போகும் அந்தத் துகள் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராயப்பட்டுவருகிறது. பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மூடியில் சீல் இருப்பதால் மட்டும் ஒரு தண்ணீர் உயர்ந்ததாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாட்டில் குப்பையாகும் கதை தென்சென்னை மக்களுக்குப் புதிதல்ல. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று எந்தப் பகுதியின் குப்பையும் ஆண்டாண்டுக் காலமாகப் போய்ச் சேர்ந்த இடம், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி கிடங்கு. காயலான் கடையில் விலை போவதால் பெரிய பாட்டில்களைப் பொறுக்கியெடுக்க ஆள் உண்டு. சின்னப் பாட்டிலும் மூடியும் வாய்க்காலுக்குப் போய்விடுகின்றன. அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்தின் பக்கம், மழை வெள்ளம் வடிந்த பிறகு ஒருமுறை நடந்து பாருங்கள். மணலில் நீலமும் வெள்ளையுமாக மூடிகள் புதைந்து கிடக்கும். பெசன்ட் நகர் கரையில் ஆமை முட்டையிட வரும் மாதங்களும் அதையடுத்துத்தான் தொடங்குகின்றன.

நான் வசிக்கும் இந்த நாட்டில் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிட்னிக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில் பண்டனூன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீரை எடுத்துப் பாட்டிலில் அடைத்து விற்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. நம் தண்ணீரை எடுத்து நமக்கே விற்பதா என்று ஊரே எதிர்த்தது. எதிர்ப்போடு நிற்காமல், 2009-இல் ஊர்க்கூட்டம் போட்டு, எங்கள் கடைகளில் பாட்டில் தண்ணீரே விற்கமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். சட்டம் போட்டு வந்த தடை இல்லை அது. லாபத்தை இழக்கும் கடைக்காரர்களே கை தூக்கினார்கள். கூடவே தெருவில் வடிகட்டிய தண்ணீர்க் குழாய்களை நிறுவினார்கள். நானும் அங்கே போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். கடைத்தெருவில் இருக்கும் அந்தக் குழாய் உயரமாக, பாட்டில் நேராக நிற்கும்படி, நின்றபடி குடிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மயிலாப்பூர் பள்ளியில் நான் பார்த்த குழாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில அடி உயரமும் கொஞ்சம் அக்கறையும்தான்.

சென்னையிலும் நல்ல தொடக்கங்கள் உண்டு. 2025 ஜூனில் மெரினா கடற்கரை உள்ளிட்ட 50 இடங்களில் மெட்ரோ வாட்டர் கட்டணமில்லாக் குடிநீர் இயந்திரங்களை வைத்தது. அதே மாத இறுதியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிப்பது. கேரளம் 2019-இலேயே தொடங்கிய வழக்கம். பிளாஸ்டிக் இல்லாத வளாகமாகும் பள்ளிகளுக்கு மஞ்சப்பை விருது என்று முதல் பரிசு 10 லட்சம் ரூபாயும் அரசு தருகிறது. மணி அடிக்கிறது, பரிசு இருக்கிறது. மணி அடிக்கும்போது பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும்தான் தீர்மானிக்கவேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் பெரியவர்கள் பேசத் தயங்குகிறார்கள். உயர்நிலைப் பள்ளிப் பெண் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், கழிப்பறை போகிற மாதிரி இல்லை. காலையில் கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே மாலையில் வீடு திரும்புவதைப் பார்த்த அம்மாக்களுக்கு இது தெரியும். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் அதன் பிறகு வருபவை. குடிநீர்க் குழாயைச் சீர்படுத்தும் பள்ளி கழிப்பறையையும் சேர்த்துச் சீர்படுத்தினால்தான் வேலை முடிந்ததாகும்.

பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதியில் அறுபத்துமூவர் உலா வருகிறார்களே, அவர்களில் ஒருவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. வழிப்போக்கர் யார் என்று கேட்காமல் தாகம் தீர்த்ததே அவர் செய்த தொண்டு. பள்ளிக்கூடத்துக் குடிநீர்க் குழாய் அந்தத் தொண்டின் இன்றைய வடிவமாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை. தியாகராய நகரின் பெரிய தனியார் பள்ளியானாலும், அடுத்த தெருவின் மாநகராட்சிப் பள்ளியானாலும் தாகம் ஒன்றுதான்.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. டேங்கைக் கழுவிய தேதியைச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவைக்கலாம். எல்லார் கண்ணிலும் படும். கிண்டி கிங் நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதித்து அந்த அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். குழாயில் வரும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டியை அறிவியல் ஆசிரியரும் பசுமைப் படை மாணவர்களும் வாரம் ஒருமுறை பயன்படுத்தினால், தங்கள் தண்ணீரைத் தாங்களே சோதித்த பிள்ளைகள் அதைத் தைரியமாகக் குடிப்பார்கள். ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதற்கு முன் தண்ணீரின் உப்பளவைப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆர்.ஓ.வுக்குத் தடை விதிக்கவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்த இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் நமக்குக் கட்டுப்படியாகாது. பாட்டில் நேராக நிற்கிற உயரத்தில் இரண்டு குழாய் வையுங்கள். ஆண்டு விழா மேடையில் எவர்சில்வர் டம்ளரும் கூஜாவும் வையுங்கள். தலைமை விருந்தினர் டம்ளரில் குடிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பாட்டிலைத் தூக்கி எறியாதே என்று பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லியாகிவிட்டது. ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தியாகிவிட்டது. நம்பிக் குடிக்கும்படி ஒரு குழாயைக் கொடுக்காமல் நாம் செய்யும் எந்த உபதேசமும் நியாயமில்லை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். டேங்கைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? அந்த அறிக்கையை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்? பதில் வரும்வரை கேளுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிட்னி மடலாசிரியை