சிறுமூளையின் பெருந்தொண்டு

நடத்தலும் எழுதுதலும் நமக்கு எளிய செயல்களாகத் தோன்றுகின்றன. அவை இயல்பிலேயே எளியன அல்ல. பழக்கத்தால் எளியவை ஆயின. அப்பழக்கத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு கொள்வது, தலையின் பின்புறத்தில் பெருமூளைக்குக் கீழே அமைந்துள்ள சிறுமூளை. மூளையின் எடையில் அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. ஆயினும், மூளையின் நரம்பணுக்களுள் பாதிக்கு மேற்பட்டவை அங்கேதான் உள்ளன.

அதன் அருமையை உலகம் அறிந்தது, அதனை இழந்த உயிர்களின் வாயிலாகவே. சிறுமூளை நீக்கப்பட்ட புறாக்களைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் புளூரன்ஸ் 1824-இல் எழுதினார். அவற்றுக்குப் பார்வை இருந்தது. அசையும் வலிமையும் இருந்தது. ஒழுங்காக நடக்கவும் பறக்கவும்தான் இயலவில்லை. முதல் உலகப்போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை மருத்துவர் கார்டன் ஓம்ஸ் ஆராய்ந்தார். அவர்களுடைய கை, தொட விரும்பிய பொருளை எட்டாமல் நின்றது. அல்லது அதனைக் கடந்து சென்றது.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் வீணை பயிலத் தொடங்கினேன். இனி விரல் வளையாது என்றனர் நண்பர். முதலில் விரல் மெட்டைத் தவறும். செவி அதனை உணர்த்தும். மறுமுறை விரல் சிறிதே திருந்தும். இத்திருத்தம் எங்ஙனம் நிகழ்கிறது?

சிறுமூளையில் பர்கின்ஜி அணுக்கள் என்பவை உள்ளன. ஒவ்வோர் அணுவுக்கும் பல்லாயிரம் நுண்ணிழைகள் செய்தி கொணர்கின்றன. 'இலக்குத் தவறியது' என்னும் செய்தியைக் கொணர்வதோ, அதன்மேல் கொடிபோல் படரும் ஒரே ஓர் இழை. அச்செய்தி வந்ததும், தவறான அசைவுக்குத் துணைநின்ற இணைப்புகள் வலுக் குறைகின்றன. இணைப்புகள் இவ்வாறு வலுக் குறைவதை ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவும் அவர்தம் குழுவினரும் 1982-இல் ஆய்வின் வழியே காட்டினர். சிறுமூளை கற்கும் வழிகளுள் இது முதன்மையானது. எனவே, பிழையே இங்கு ஆசானாக விளங்குகிறது.

இதனை அறிந்தபோது, என் இளமைக்கால ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். எழுத்துக் கோணினால் அவர் பிரம்பால் விரலில் அடிப்பார். அச்சத்தால் விரல்கள் விறைத்தனவேயன்றி, எழுத்து நேராகவில்லை. வீணை கற்பிக்கும் அம்மையாரோ, "மீண்டும் ஒருமுறை" என்பதற்கு மேல் ஒன்றும் கூறார். என் விரல்கள் அவர் சொல்லுக்கே பணிந்தன.

மாணவர்களே! புதுத்தொழில் பயிலும்போது கை தவறினால் நாணாதீர்கள். பிறர் தவறினால் நகையாதீர்கள். முயலாத கைக்குப் பிழையும் இல்லை, தேர்ச்சியும் இல்லை.