வந்த இதழும் வாராத இதழும்

நூலொன்றைப் பட்டியலில் ஒருமுறை பதிந்துவிட்டால் பணி முடிந்தது. பருவ இதழுக்கோ அவ்வாறன்று. அது பெயர் மாறும்; பிறிதோர் இதழோடு இணையும்; சிலபோது சொல்லாமலே நின்றுவிடும். இதழ் வாழும் வரை அதன் பதிவும் முடிவதில்லை.

இதனை நன்குணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், இதழ்களுக்கென மூன்று அட்டை முறையை வகுத்தார். முதல் அட்டை வந்த இதழைப் பதியும். இரண்டாம் அட்டை உரிய காலத்தில் வாராத இதழைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் அட்டை நூலகத்திலுள்ள தொகுதிகளைப் பொருள்வாரியாக உரைக்கும். வாராததையும் கணக்கில் கொண்டதே அம்முறையின் சிறப்பு.

பின்னர் அட்டைப் பெட்டிகளின் இடத்தைக் கணினி பெற்றது. 1975இல் அனைத்துலகத் தரவிதியாக வந்த எட்டிலக்க எண், ஒரே பெயருடைய இதழ்களைப் பிரித்தறிய உதவிற்று. எனினும், மின்னிதழோடு புதிய சிக்கலொன்றும் பிறந்தது. சந்தா நின்ற பின்னும் அச்சிதழின் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழிலோ படிக்கும் உரிமையே பல வேளைகளில் அற்றுப்போகும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படிக்கலாம் என்பதைப் பட்டியல் உரைக்காவிடில், தேடி வந்த மாணவன் வெறுங்கையோடு திரும்புவான்.

கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுத முனைவோர்க்கு அதன் பழைய இதழ்கள் இன்றியமையாதவை. எந்த நாளின் இதழ் எங்குள்ளது, எது காணவில்லை என்னும் பதிவின்றி அவற்றைத் தேடுதல் அரிது. கருவி மாறலாம், வாராத இதழைக் கேட்கும் விழிப்பு மாறலாகாது. அவ்விழிப்பைப் பள்ளி நூலகத்திலேயே மாணவர்க்குப் பழக்குதல் ஆசிரியர் கடமையாகும்.