மூன்று வீட்டுப் பொலொஸ்

திங்கள்

மாவனல்லைக் கந்தோரில் பகல் இடைவேளை. ஹெம்மாத்தகமப் பக்கமிருந்து வரும் அக்கே வாழையிலைப் பொதியைப் பிரித்ததும் அறை முழுக்க மணம். பொலொஸ் அம்புல. பிஞ்சுப் பிலாக்காயைப் பெருந்துண்டுகளாக வெட்டி, இரவு முழுக்கத் தணலில் கிடத்திக் கருஞ்சிவப்பாக வேக வைத்த கறி. கூட வேலை செய்யும் ராத்தா, ரமழான் நோன்போடு, மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார். "இந்த வாசத்தத் தாங்கினதுக்கே இண்டைக்கு என்ட நோன்புக்கு நன்ம ரெண்டு மடங்கு."

எப்படிச் செய்வது என்று அக்கேயிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் சரளமாக வரும்.

"கொறக்கா, கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, பூண்டு, அரைச்ச கடுகு, வறுத்த தூள், உம்பலகட. எல்லாம் போட்டு ரெண்டாம் பால் ஊத்தி, வாழையிலையால மூடித் தணல்ல வைக்கணும் நங்கி. அப்புறம் போய்ப் படுத்துடணும். முழிச்சிருந்து மூடியத் தெறந்து தெறந்து பாக்கிறவங்களுக்கு பொலொஸ் வேகாது. விடிஞ்சதும் முதல் பால்."

"உப்பு எவ்வளவு?"

"வீட்டுக்காரர் வாயத் தெறக்காம சாப்பிடுற அளவு."

சமையல் குறிப்பு நல்ல மனிதர்களிடமிருந்து வந்தால் இப்படித்தான் வரும். அளவு இருக்காது, வழி மட்டும் இருக்கும்.

செவ்வாய்

அக்கே சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். விடியப் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு ஓடுவதற்கு முன் ரொட்டி தட்டி, கொச்சிக்காய்ச் சம்பல் அரைத்து, பிள்ளைகளையும் எழுப்பிவிட்ட கை அது. எட்டு மணி நேரம் வேகும் கறி என்றதும், "அத்தன நேரம் வேகுறதுக்கு அது என்ன பிலாக்காயா, கருங்கல்லா?" என்று கேட்டார். பிறகு அவரே, "வெறகு இருக்கு, வச்சுப் பாப்போம்" என்றார்.

விறகு என்றால் இங்கே ரப்பர் விறகு. பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடுகை செய்யும்போது கிடைப்பது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களில், டவுனில் இருந்தவர்கள்கூட மறந்துபோன மண்ணடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தார்கள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தில் அடுப்பு அணைந்ததே இல்லை. அந்த வருடம் அம்மாவிடம் அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்ள வந்த டவுன்காரப் பெண்களுக்கு அவர் சொன்ன முதல் பாடம்: "ஊதுறதுக்கு முன்னால முகத்தத் திருப்பு. கறிக்குத்தான் கறுப்பு வேணும், ஒனக்கில்ல."

புதன்

லயத்துக்குப் பின்னால் நிற்கும் பிலாவிலிருந்து பிஞ்சு இறக்கினோம். மரம் தோட்டத்துக்குச் சொந்தம். காய் ஆளுக்கு ஒன்று என்பது லயத்து வழக்கம். பரம்பரையாக இந்த மண்ணில் உழைத்தும் ஒரு பிலாக்கன்று நட்டுத் தன்னுடையது என்று சொல்ல நிலமில்லாத குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. இதைக் கறிக்கதையில் எழுதாமல் வேறெதில் எழுதுவது? பிலா என்பது சோற்றுக்கு வழியில்லாத நாளின் சோறு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் நாடு முழுக்கப் பிலா நடும் இயக்கம் நடத்தியதால்தான் சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பிலா மாமா, என்று இன்றும் அழைக்கிறார்கள். பிலா மரத்தை நினைத்தபடி வெட்டித் தள்ள முடியாது என்பதற்கு 1951-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது.

அம்மா காய் வெட்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். கத்திக்கும் இரண்டு உள்ளங்கைக்கும் தேங்காயெண்ணெய் பூசினார். காம்பை வெட்டித் தலைகீழாகச் சாய்த்துப் பால் வடியவிட்டார். வடிந்ததைத் தேங்காய்மட்டையால் வழித்தார். முள்தோலைத் தடிப்பாகச் சீவி, நடுத்தண்டோடும் பிஞ்சுக்கொட்டையோடும் நான்கு விரல் அகலத்துக்குத் துண்டு போட்டார். கறுத்துப் போகாமலிருக்க உடனே மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டார். கையில் பால் ஒட்டுமே என்று நான் பதற, "ரப்பர் பாலயே ஆயுசு பூரா பாத்தாச்சு. இது என்ன, நிறுத்துக் கணக்குக் குடுக்க வேண்டாத பால்" என்றார். பக்கத்துக் காம்பிராச் சித்தி, "அதான் அக்கா இவ்வளவு சந்தோசமா வெட்டுது" என்று சேர்ந்துகொண்டார்.

வெள்ளி

இன்று அம்மாவுக்கு விரதம். அதனால் உம்பலகட, அதாவது மாசிக்கருவாடு, கிடையாது. மாசியை எடுத்துவிட்டால் பொலொஸில் என்ன இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா தேங்காய்ப்பூவைக் கருக வறுத்து, சின்ன வெங்காயத்தைத் தணலில் சுட்டு, இரண்டையும் அம்மியில் அரைத்துப் போட்டார். கறி திடமாக நிற்க ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு. கொறக்காவுக்குப் பதில் பழப்புளி. அது அவர் கைக்குப் பழகின புளி. மஞ்சள் மட்டும் தாராளம். 2020-இல் மஞ்சள் இறக்குமதி நின்று, விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது வெள்ளையாகவே கறி வைத்தவர். அப்போது குறைபட்ட தம்பியிடம், "மஞ்சச் சேல கட்டிக்கிட்டு வந்து பரிமாறுறேன், கலர் சரியாயிடும்" என்றவர்.

சட்டி இரவெல்லாம் தணலில் இருந்தது. அம்மா தூங்கவுமில்லை, மூடியைத் திறக்கவுமில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி

காலையில் கறி அடியில் சுருண்டு, எண்ணெய் பிரிந்து நின்றது. துண்டு உடையவில்லை, விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிந்தது. தடித்த ரொட்டியோடு வீடே சாப்பிட்டது. இறைச்சி வாங்கும் யோசனையே லயத்தில் பெரிய யோசனை. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்பதே 2021-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வாய் நிறையக் கடித்துச் சாப்பிட ஒரு கறி கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ராத்தா வீட்டுக்கு நோன்பு திறக்க ஒரு பாத்திரம் கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டவர், பேரீச்சம்பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு விவரம் கேட்டார். பிறகு, "ஒங்கட உம்மா எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிரிக்கா. ஒண்டுதான் மறந்திட்டா. எலும்பு!" என்றார். நாளை பௌர்ணமிப் போயா, நாடெங்கும் இறைச்சிக்கடை மூடியிருக்கும் என்று அவருடைய வீட்டுக்கார நானா முன்பே மாட்டெலும்பு வாங்கி வைத்திருந்தார். எலும்பை இஞ்சி, பூண்டு, கறுவா, கராம்போடு முதலில் அவித்து, அந்தச் சாற்றில் பிலாக்காயைப் போடுவதாகத் திட்டம். அம்மாவின் பருப்பும் சுட்ட வெங்காயமும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

வெறுங்கையோடு அனுப்பவில்லை. இறைச்சி போடாமல் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துத் தனியாகக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி ஒரு வாளி. "இது ஒங்கட உம்மாக்கு. பாத்திரத்தக் கழுவித் தராதீங்க, நெறச்சுத் தாங்க."

ஞாயிறு, மெதின் போயா

பன்சலையில் சில் விரதம் எடுக்கும் அம்மாமாருக்குப் பகல் தானம் கொடுப்பது அக்கே வீட்டு முறை. மீன் சேராத கறி வேண்டும் என்று, நான் சொல்லியிருந்த அம்மாவின் பொலொஸை, மாசி இல்லாமல், பருப்போடு சமைத்திருக்கிறார். புளியை மட்டும் திரும்பவும் கொறக்காவாக மாற்றிவிட்டார். சாப்பிட்ட ஒரு ஆச்சி, இது எந்த ஊர்ப் பொலொஸ் என்று கேட்டாராம். "தோட்டத்து அம்மா ஒருத்தர் திருத்திக் குடுத்தது" என்று சொன்னதாக அக்கே தொலைபேசியில் சிரித்தார். அம்மாவிடம் சொன்னேன். "திருத்தல. எனக்கு ஆகாதத எடுத்தேன், என்கிட்ட இருந்தத போட்டேன்" என்றார்.

1660 முதல் 1679 வரை கண்டி ராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681-இல் லண்டனில் வெளியான தன் நூலில் பொலொஸ் என்ற பெயரையே எழுதி, இம்மக்களின் உணவில் பிலாவுக்குள்ள பெரும் பங்கையும் குறித்திருக்கிறார். பொலொஸ் சட்டியில் அதன்பின் எத்தனை வீட்டுக் கை பட்டிருக்கும்! ஆனால் அச்சில் வந்த இலங்கைச் சமையல் நூல்களில் லயத்து அடுப்பின் கைப்பக்குவத்தை நான் கண்டது மிகக் குறைவு.

2001 மே மாதம் இதே மாவனல்லை டவுனில் இனவன்முறையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. ஒரு கறி அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எது ஆகும், எது ஆகாது, எந்த நாளில் விரதம், எந்த நாளில் நோன்பு என்று தெரிந்துவைத்து, அதற்கேற்பச் சட்டியை மாற்றிக் கொடுப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சமையல் மட்டுமில்லை, ஊரையும் காப்பாற்றுகிறார்கள்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவும் பாட்டியும் வைக்கும் கறியை இந்த வாரமே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். யாரிடமிருந்து வந்தது, எதை எடுத்தார்கள், எதைப் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டில் கொடுங்கள். அவர்கள் மாற்றினால் மாற்றட்டும்.