கூரை விளிம்பில் பெண் முகங்கள்

ரோம் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வத்திக்கானையும் கொலோசியத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்குக் கிடைத்த ஒரு பகற்பொழுதை நான் வில்லா ஜூலியா நூதனசாலையில் கழித்தேன். உரோமர் தலையெடுக்கும் முன்னரே மத்திய இத்தாலியில் செழித்திருந்த எட்ருஸ்கர் என்ற மக்களின் கைவேலைகள் அங்கே உள்ளன.

ஓரிடத்தில் சுடுமண்ணாலான பெண் முகங்கள் சில இருந்தன. வாதுமைக் கொட்டை போன்ற கண்கள், மெல்லிய புன்னகை, நெற்றியில் அலையலையாகக் கூந்தல். ஏறத்தாழ 2,500 வருடங்கள் கழிந்தும் சிவப்பும் கறுப்பும் அங்கங்கே அழியாமல் இருந்தன. வெறும் அலங்காரம் என்றே நினைத்தேன்.

பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் ஒரு முகத்தின் பின்னால் அரைவட்ட ஓடு ஒட்டியிருப்பது தெரிந்தது. எட்ருஸ்கர் தங்கள் கோயில்களின் கூரையை மரத்தால் அமைத்தனர். மழைநீர் புகுந்தால் மரம் உக்கிவிடும். ஆகவே தட்டை ஓடுகளைப் பரப்பி, அவற்றின் இடைவெளிகளை அரைவட்ட ஓடுகளால் மூடினார்கள். கூரை விளிம்பில் அந்த ஓடுகளின் வாய் திறந்திருக்கும். அதை அடைப்பதற்கே இந்த முகங்கள்! களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, வர்ணம் பூசிச் சுட்டிருக்கிறார்கள்.

கூரை முகட்டிலே ஆளுயரச் சிலைகளும் நின்றன. வேயி என்ற ஊரின் கோயிலில் 1916இல் கண்டெடுத்த அப்பொலோ அவற்றுள் புகழ்பெற்றது. எனக்குப் பிடித்தது அவனது தாய் லத்தோனாவின் சிலை. கையில் குழந்தையுடன் நடக்கும் தாய் அவள். கீழே நிற்பவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக ஆடை மடிப்புகளை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

கோயிற் கூரையில் பெண் முகம் இருந்ததனால் மட்டும் அந்தச் சமூகம் பெண்ணை மதித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்களுடைய கல்லறை எழுத்துகளில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு. உரோமப் பெண்ணோ பொதுவாகத் தகப்பனின் குலப்பெயராலேயே அழைக்கப்பட்டாள். அதே நூதனசாலையில் உள்ள சுடுமண் ஈமப்பேழை ஒன்றில் மனைவி கணவனுக்குச் சமமாக விருந்து மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறாள்.

சகோதரிகளே, "பெண் வீட்டுக்கு அழகு" என்று யாராவது சொன்னால் இனி எனக்கு அந்த முகங்களின் பின்புறம்தான் நினைவுக்கு வரும். பார்ப்பவர்களுக்கு அவை அழகு. கூரைக்கோ அவைதான் மழைக்குக் காவல்.