எங்கே சேமிப்பது?

மின்கட்டண ரசீதில் தொகை கூடிவிட்டால், பல வீடுகளில் முதலில் அணைக்கப்படுவது விளக்குதான். அது நல்ல பழக்கமே. ஆனால், கட்டணம் உயர விளக்குதான் காரணமா?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அதே ஒரு யூனிட்டில் 10 வாட் எல்இடி விளக்கு 100 மணி நேரம் எரியும். 50 வாட் மின்விசிறி 20 மணி நேரம் சுழலும். 3,000 வாட் தண்ணீர்ச் சூடேற்றியோ 20 நிமிடங்களில் அதைத் தீர்த்துவிடும்.

குளிரூட்டி உள்ள சிங்கப்பூர் வீடுகளில், பெரும்பாலும் அதுவே அதிக மின்சாரத்தை விழுங்குகிறது. அதை 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் அறை குளுமையாகவே இருக்கும். வடிகட்டியில் தூசு சேராமல் கழுவி வரலாம். வெந்நீர்க் குளியலைச் சில நிமிடங்கள் குறைக்கலாம். புதிய சாதனம் வாங்கும்போது, சிட்டையில் சரிக்குறிகள் அதிகம் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

புழுக்கமான பகலில் பாட்டியின் மின்விசிறியை எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்தாலும், மிஞ்சுவது அரை யூனிட்கூட இல்லை. பாட்டி படும் அவதியோ பெரிது. வீண்செலவைக் குறைப்பதே சிக்கனம். வீட்டாரின் நலத்தைக் குறைப்பது சிக்கனமாகாது.