கையைத் தூக்க முடியலைன்னா அப்படியே சொல்லணும்

பெரியம்மாவுக்குக் கண்ணைச் சுத்தி ஊதா நிறம் ஏறினப்போ நாங்கள் யாரும் பயப்படவில்லை. மேல் இமை லேசாக வீங்கியிருந்தது. மலைக்கு அடிச்ச மருந்து ஒத்துக்கல என்றார்கள் லயத்தில். கண்ணூறு என்று மிளகாய் சுத்திப் போட்டோம். பூண்டுலோயா டவுனில் கிரீம் வாங்கிப் பூசினோம். நிறம் போகவில்லை.

பிறகு ஒருநாள் மலையேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பறிச்ச கொழுந்தைத் தோளுக்கு மேலால் கூடையில் போடக் கை எழும்பவில்லை. நிறை குறைந்தது, அரைப்பேர்தான் விழுந்தது. "வயசாச்சு புள்ள, வேற என்ன" என்றார். தலைவாரிவிட எங்களைக் கூப்பிட்டபோதுதான் சுருக்கென்றது.

முதலில் பார்த்த டொக்டரிடம் அரைகுறைச் சிங்களத்தில் "மஹன்சி" என்றோம். களைப்புக்குச் சத்துமாத்திரை கிடைத்தது. களைப்பு வேறு, தசை பலமிழப்பது வேறு என்று எங்களுக்கே அப்போது தெரியாது. அடுத்த முறை, "அத் உஸ்ஸன்ன பே", கையைத் தூக்க முடியவில்லை என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு கண்டிக்குப் போனோம். தோல் டொக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே விரல் மொளிகளைப் பார்த்தார். தேயிலைக் கீறல் என்று நாங்கள் விட்டுவைத்திருந்த சிவந்த தடிப்புகள் அங்கே இருந்தன.

நோயின் பெயர் டேர்மடோமயோசைடிஸ். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் அரிய நோய். தொற்றாது. இமையில் வரும் அந்த ஊதாவுக்கு ஹீலியோட்ரோப் என்ற பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் சி.பி.கே. நொதியை அளந்தார்கள். தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு இதோடு சிலசமயம் புற்றுநோயும் ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் தேடினார்கள். அந்த ரிப்போட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இல்லை என்று வந்தது.

பிரெட்னிசலோன், மெதோட்ரெக்சேட் கொடுத்தார்கள். முதலாவதை நினைச்சபடி திடீரென நிறுத்தக்கூடாது. இரண்டாவது வாரத்துக்கு ஒருநாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்தோம். வெயில் பட்டால் தோல் மோசமாகும் என்பதால் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வாங்கினோம்.

மாதங்கள் போயின. இமையில் ஊதா இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா பொங்கலன்று பெரியம்மா தானே தலைவாரிக் கொண்டை போட்டார். நாங்கள் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் லயத்திலும் யாருக்காவது கண்ணைச் சுத்தி நிறம் மாறி, படி ஏறவோ கை தூக்கவோ முடியாமல் போனால், டொக்டரிடம் களைப்பு என்று மட்டும் சொல்லாதீங்க. எந்த வேலையைச் செய்ய முடியலையோ, அதைச் சொல்லுங்க.